பத்தி நான்கு: மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார்

“அப்போ கண்ணிவெடிப் பாடத்தைக் கண்ணிவெடியா சார் எடுக்குது?”

“என்னம்மா சொல்றீங்க?”

“பெண்களைப் பத்தின பாடத்தைப் பெண்தான் எடுக்கணும்னு சொன்னீங்களே, அதான் கேட்டேன். கண்ணிவெடி, வெள்ளம், விஷவாயு எல்லாத்துக்கும் மனுஷங்கதானே பாடம் எடுக்கிறாங்க. இதுக்கு மட்டும் ஏன் சார் சம்பந்தப்பட்ட பொருளே வந்து நிக்கணும்?”

“அது வேற, இது வேற. உங்களுக்கு இது இயல்பாவே வரும்.”

“எனக்கு இயல்பா வர்றது பாலம் சார்.”

“பாலத்தை யாரு வேணாலும் எடுக்கலாம்.”

“வேண்டாம் சார். எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம்.”

உலக ராணுவக் கல்வியின் வரலாறு என்றாவது எழுதப்பட்டால், அது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன், அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பின் என்று இரண்டாகத்தான் பிரிக்கப்படும். ஆனால் மேற்கண்ட உரையாடல் அந்த வரலாற்றில் இருக்காது. காரணம், அது கூட்டக் குறிப்பில் இல்லை. கூட்டக் குறிப்பை எழுதியவன் நான்.

‘கேடட்’ எனப்படும் மாணவர்களை அதிகாரிகளாக வார்த்தெடுக்கும் எங்கள் ராணுவக் கல்லூரியின் பயிற்சிப் பிரிவில் நான் எழுத்தர். எல்லோரும் ‘ரைட்டர்’ என்று கூப்பிடுவார்கள். பதினாறு வருடங்களாக நான் எழுதாத எதுவும் இங்கே நடந்ததில்லை. நடந்திருந்தால் கோப்பில் இருந்திருக்கும்.

எங்களிடம் ஓர் உயர்ந்த நடைமுறை உண்டு. கூட்டக் குறிப்பு, கூட்டத்துக்கு முந்தைய நாளே தட்டச்சாகிவிடும். மற்ற இடங்களில் முதலில் பேசிவிட்டு, பிறகு என்ன பேசினோம் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். எங்களுக்கு அந்த அவஸ்தை இல்லை. கல்லூரித் தலைவரான கமாண்டன்ட் முந்தைய நாளே முடிவுகளைச் சொல்லிவிடுவார். நான் தட்டச்சு செய்துவிடுவேன். மறுநாள் அதிகாரிகள் கூடி, டீ குடித்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆகவே கேப்டன் மேடம் கமாண்டன்டிடம் “வேண்டாம் சார்” என்று சொன்ன அந்த நிமிடத்தில், அவர் எதிரிலேயே கிடந்த தாளில் பத்தி நான்கு தெளிவாக இருந்தது: ‘புதிய பாடத்தின் பொறுப்பைப் பொறியியல் பிரிவு கேப்டன் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார்.’

அவர் அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

பாடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. ‘வருங்கால அதிகாரிகளின் சிந்தனையில் பாலினப் பார்வை ஆழமாக வேரூன்ற வேண்டும். வேரூன்றியதற்கான சான்று நான்கு வாரங்களுக்குள் மூன்று பிரதிகளில் அனுப்பப்பட வேண்டும்.’ ஆய்வுக் குழுவும் வரும் என்று அடியில் இருந்தது. கமாண்டன்ட் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார். பிறகு ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துவிட்டு, “நம்மகிட்ட பெண் அதிகாரி எத்தனை பேரு?” என்று கேட்டார்.

“ஒருத்தர் சார்.”

“போதும்” என்றார்.

தேர்வுக் குழு, நேர்காணல் என்று எதுவும் தேவைப்படாமல் ஒரு பேராசிரியப் பதவி நிரப்பப்பட்ட வேகத்தை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கேப்டன் மேடம் ஒன்பது ஆறுகளுக்குப் பாலம் போட்டவர். ஆறு வருடமாக எங்களிடம் பாலப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆற்றுப் பாலங்கள் போடும் படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்க அந்த மாதம்தான் விண்ணப்பித்திருந்தார். அதற்கு முப்பத்தைந்து வயது முடியும்வரைதான் விண்ணப்பிக்கலாம். அவருக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது. கமாண்டன்டின் பரிந்துரைக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கோப்பு என் மேசையில் இருந்தது.

“ஆய்வுக் குழு வந்துட்டுப் போகட்டும், கண்டிப்பா போட்டுடறேன்” என்றார் கமாண்டன்ட்.

பாலப் பாடம் உடற்பயிற்சி அதிகாரிக்குப் போனது. அவரை நாங்கள் ‘விசில்’ என்போம். தூங்கும்போதும் கழுத்தில் விசில் தொங்கும் என்று கேள்வி. பாலத்தின் பாகங்கள் கனமானவை, விசிலுக்கோ நல்ல புஜங்கள். இதைவிடப் பொருத்தமான தகுதி இருக்க முடியாது.

“மேடம், பாலத்துல ஏதாவது சூட்சுமம் இருந்தா சொல்லிக் குடுத்துட்டுப் போங்க” என்றார் விசில்.

“ஒவ்வொரு ஆணிக்கும் கிளிப் போடணும் சார். ஆணி பாலத்தைப் பிடிக்கும், கிளிப் ஆணியைப் பிடிக்கும். கிளிப் இல்லைன்னா நடக்க நடக்க ஆணி நகர்ந்து வெளிய வந்துடும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். ஆனா அதுதான் எல்லாமே.”

விசில் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டுக்கொண்டார். இதற்கு நானே சாட்சி.

இனி பாடத்திட்டம். எங்கள் கல்லூரியில் எந்தப் பாடமானாலும் ஒரே படிவம்தான். கையெறி குண்டுக்கும் அதுதான், காலைக் கடன் ஒழுங்குக்கும் அதுதான். ‘தேவையான கருவிகள்’, ‘அதிகபட்சத் தூரம்’, ‘மழையில் பயன்படுத்தலாமா’, ‘பாதுகாப்பு எச்சரிக்கை’ என்று பதினொரு கட்டங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவம் திரும்பி வந்துவிடும். நான் ஒரு முழு மதியம் யோசித்து நிரப்பினேன். தேவையான கருவிகள்: கரும்பலகை – 1, மணல் மேசை – 1, பெண் – 1 (திரும்ப ஒப்படைக்கப்பட வேண்டியது).

மறுநாள் ஸ்டோரிலிருந்து போன் வந்தது.

“ரைட்டர், கரும்பலகை இருக்கு. மணல் மேசை இருக்கு. மூணாவது அயிட்டம் கையிருப்பு இல்லை.”

“அது நம்ம கேப்டன் மேடம்தான்.”

“அப்போ பொறியியல் பிரிவு இருப்புல இருந்து கழிச்சு, உங்க பிரிவுல ஏத்திடவா?”

“ஏத்துங்க.”

ஏற்றினார். ஒரு கையெழுத்தில் ஒரு பொறியாளர் ஒரு கருவியான அதிசயம் அப்படித்தான் நிகழ்ந்தது.

முதல் வகுப்பைக் கண்காணிக்க நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மணல் மேசை என்பது மண்ணைக் கொட்டி ஓர் ஊரையே செய்து வைத்திருக்கும் பெரிய மேசை. நடுவில் நீல வண்ணத்தில் ஆறு, இரண்டு கரையிலும் தீப்பெட்டி அளவு வீடுகள். கேப்டன் மேடம் ஒரு சின்ன மரப் பாலத்தைக் கையில் எடுத்தார்.

“வெள்ளத்துல பழைய பாலம் போயிடுச்சு. உங்ககிட்ட ஒரே ஒரு நடைபாலத்துக்குத்தான் சாமான் இருக்கு. எங்க போடுவீங்க?”

உயரமான கேடட் ஒருவன் எழுந்தான். “பெரிய ரோட்டுக்கு நேரா மேடம்.”

“ஏன்?”

“அங்கதான் லாரி நிக்கும்.”

“நடைபாலத்துல லாரி வராதே தம்பி.”

வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான்.

“சரி, இந்த ஊர்ல தண்ணி எங்க பிடிக்கிறாங்க? ஆஸ்பத்திரி எந்தக் கரையில இருக்கு? நிறைமாசமா இருக்கிற ஒருத்தி அங்க போய்ச் சேர எவ்வளவு தூரம் நடக்கணும்?”

“தெரியாது மேடம்.”

“யாருக்குத் தெரியும்?”

“ஊர்க்காரங்களுக்கு.”

“யார்கிட்ட கேட்பீங்க?”

“ஊர்த் தலைவர்கிட்ட.”

“அவரு குடத்தைத் தூக்கிட்டுத் தண்ணிக்குப் போவாரா?”

உயரமானவன் மேசையருகே வந்து, மரப் பாலத்தை எடுத்து, பெரிய ரோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஆஸ்பத்திரிப் பக்கமாக வைத்தான். இன்னொருவன் குனிந்து பார்த்து, “கைப்பிடி நம்ம இடுப்பு உயரத்துக்கு இருக்கு மேடம். குழந்தை வந்தா அடியில நழுவி விழுந்துடுமே” என்றான். பிறகு எல்லோரும் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். இருட்டினால் எந்த வழியாகப் பெண்கள் திரும்புவார்கள், காவல் நிற்கும் சிப்பாய் எங்கே நின்றால் அவர்கள் அந்த வழியையே விட்டுவிடுவார்கள் என்றெல்லாம் பேச்சுப் போனது. முப்பது பேர், ஒரு மேசை, ஒருவர்கூடத் தூங்கவில்லை. படிப்பு என்றால் என்ன என்று எனக்கே ஒரு கணம் புரிந்ததுபோல் இருந்தது. நல்லவேளையாகக் கமாண்டன்ட் உள்ளே வந்தார்.

“பாலினம் எங்கம்மா?”

“இதுதான் சார்.”

“இது பாலம்.”

“ஆமா சார். ஒரு பாலம் யாருக்கு உதவுது, யாரை விட்டுடுதுன்னு...”

“பாலத்தை விசில்கிட்ட குடுத்தாச்சு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. நாளைக்கு ஆய்வுக் குழு கேட்டா, எது எந்தப் பாடம்னு பசங்களுக்குத் தெரியணும்ல?”

அறிவுத் துறைகளின் எல்லைகளை இவ்வளவு துல்லியமாகக் காத்தவரை நான் கண்டதில்லை. மணல் மேசை அன்றே வகுப்பறையை விட்டு அகற்றப்பட்டது. பாலினப் பார்வை, எங்கள் மரபுப்படி, எண் சொல்லிச் செய்யும் பயிற்சியாக மாற்றி எழுதப்பட்டது. ஒன்று: நில். இரண்டு: சுற்றுப்புறத்தில் பெண் இருக்கிறாரா என்று பார். மூன்று: பதிவு செய். குரல் கொடுக்க விசில் முன்வந்தார். கேப்டன் மேடம் பக்கத்தில் நின்றால் போதும் என்றாகிவிட்டது. கருவி என்ற முறையில் அதுவே அவருடைய பணி.

செய்முறைப் பயிற்சிக்காக முப்பது கேடட்டுகள் அணிவகுத்து கேன்டீனுக்குப் போனார்கள். விசில் ஊதப்பட்டது. நின்றார்கள். பார்த்தார்கள். எழுதினார்கள்.

“அறிக்கை” என்றார் விசில்.

“பெண்கள் நாலு பேர் சார். அதுல மூணு பேரு நம்மளைப் பார்த்ததும் எழுந்து போயிட்டாங்க. மீதி ஒண்ணு.”

“ஒண்ணு ஏன் போகலை?”

“அவங்க கேஷியர் சார்.”

எழுத்துத் தேர்வில் இருபத்தொன்பது பேர் தேறினார்கள். உயரமான கேடட் மட்டும் தோற்றான். ‘அந்தக் கேஷியரிடம் பேசினேன், ஏழு வருடமாக அவருக்கு உட்கார நாற்காலி தரவில்லையாம்’ என்று விடைத்தாளில் எழுதியிருந்தான். அறிவுறுத்தலில் பேசச் சொல்லவில்லை. மதிப்பெண் போடக் கட்டமும் இல்லை.

இந்தச் சாதனைகளையெல்லாம் வீட்டில் சொல்லி வைப்பது என் வழக்கம். என் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தம்மா இதுக்குச் சம்மதிச்சாங்களா?”

“மகிழ்ச்சியா ஏத்துக்கிட்டாங்க.”

“யாரு சொன்னா?”

“கூட்டக் குறிப்புல இருக்கு.”

“குறிப்பு எழுதினது யாரு?”

“நான்தான்.”

அவள் ஒரு சட்டையின் கையை நிதானமாக மடித்தாள். “கல்யாணமான புதுசுல நான் வேலையை விட்டேனே, அதைப் பத்தி உங்க அக்காகிட்ட என்ன சொன்னீங்க?”

“நீயா ஆசைப்பட்டு விட்டன்னு சொன்னேன்.”

“அதான் பார்த்தேன். நம்ம வீட்டுக்கும் நீங்கதான் குறிப்பு எழுதறீங்க போல” என்றாள். சட்டை மடிந்துவிட்டது. கூட்டம் கலைந்தது.

ஆய்வுக் குழு சரியாக நான்கு வாரம் கழித்து, இன்னொரு செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று பேர், மூவரும் ஆண்கள். பாலினத்தை நடுநிலையோடு ஆராய இதுவே வசதி. நிகழ்ச்சி நிரலை நான் கெட்டித் தாளில் அச்சடித்திருந்தேன். பத்தே முக்கால்: பொறியியல் கருவிகளின் கண்காட்சி. பதினொன்று: விருந்தினர்கள் பயிற்சிக் கால்வாயைப் புதிய நடைபாலத்தில் கடந்து செல்லுதல். பதினொன்றேகால்: பாலினப் பார்வை, செயல்முறை விளக்கம்.

பாலத்தை விசில் மூன்று நாளில் போட்டு முடித்திருந்தார். தூரத்திலிருந்து பார்க்க மிக அழகு. இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு, கரையில் பூந்தொட்டிகள். அதன் அருகே கண்காட்சி மேசை. வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கண்ணாடிபோல் பளபளக்கும் சின்னச் சின்னப் பொருட்கள் நாற்பத்தெட்டு, நூல் பிடித்ததுபோல் வரிசையாக இருந்தன.

கேப்டன் மேடம் அந்த மேசையின் முன்னால் நின்றுவிட்டார்.

“சார், இது பாலத்தோட கிளிப்பாச்சே.”

“ஆமா மேடம். அதுதான் எல்லாமேன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் எல்லாத்தையும் கழட்டி பாலிஷ் போட்டு மேசையில வச்சிட்டேன். பாலத்துக்கு அடியில கிடந்தா யாரு பார்க்கப் போறாங்க?”

“இதைக் கழட்டிட்டா பாலம் நிக்காது சார்.”

“காலையில இருந்து நின்னுட்டுதானே இருக்கு.”

அவர் கமாண்டன்டிடம் ஓடினார். “சார், பாலத்துல யாரையும் ஏத்தாதீங்க. கிளிப் போட எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க.”

கமாண்டன்ட் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். “உங்க பாடம் பதினொண்ணேகாலுக்கு. இப்போ பதினொண்ணு” என்றார்.

ஆய்வுக் குழுத் தலைவர் கிளிப்புகளை மிகவும் பாராட்டினார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மறுபடி கோட்டில் வைத்தார். பிறகு குழுவினர் மூவரும் கமாண்டன்டும் பாலத்தில் ஏறினார்கள். பாதி தூரம் போயிருப்பார்கள். அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். பாலம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஏதோ நினைவுக்கு வந்ததுபோல் நின்றது. கமாண்டன்டின் பூட்ஸைத் தண்ணீர் தொட்டது.

“யாரும் அசையாதீங்க. கால் மாத்திக்கூட நிக்காதீங்க” என்று ஒரு குரல் கேட்டது. கட்டளை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். கமாண்டன்டும் மூன்று உயரதிகாரிகளும் கல்லாய்ச் சமைந்தார்கள். கேப்டன் மேடம் வெள்ளைத் துணியோடு கிளிப்புகளைச் சுருட்டி எடுத்தார். உயரமான கேடட் சுத்தியலோடு முன்னால் தண்ணீரில் குதித்தான். அவன் பின்னால் மணல் மேசைப் பையன்கள் ஏழெட்டுப் பேர், தோளை அடியில் கொடுத்துப் பாலத்தைத் தாங்கினார்கள். மார்பளவு தண்ணீரில் நின்று, பாதி வெளியே வந்திருந்த ஆணியை மேடம் அடித்து இறக்கினார். கிளிப் மாட்டினார். அடுத்த ஆணி. அதற்கடுத்தது. நாற்பத்தெட்டுக்கும் பதினான்கு நிமிடம் ஆனது. அதுவரை பாலத்தின் நடுவில் நால்வரும் சல்யூட் அடிக்கக்கூடக் கை தூக்கவில்லை.

“இப்போ நடங்க. ஒவ்வொருத்தரா” என்றார் மேடம்.

கரை ஏறிய ஆய்வுக் குழுத் தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அபாரம். இதுதான் செயல்முறை விளக்கமா? நான் நிஜமாவே பயந்துட்டேன்” என்று கமாண்டன்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கமாண்டன்ட் ஒரு கணம்தான் யோசித்தார். “ஒத்திகை நிறையப் பார்த்தோம் சார்” என்றார்.

விசிலும் மெதுவாகத் தலையாட்டினார். நனைந்த உடையோடு நின்ற கேப்டன் மேடம் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். கைதட்டல் பலமாக இருந்தது.

மறுநாளே பாராட்டு அறிக்கை வந்தது. ‘பாலினப் பார்வைப் பாடத்தில் இக்கல்லூரி நாட்டுக்கே வழிகாட்டி. ஒரு பெண்ணால் பாலத்தைக்கூடச் சரிசெய்ய முடியும் என்பதை உயிரோட்டமாக நடித்துக் காட்டிய கேப்டனை, மேலும் மூன்று ஆண்டுகள் இப்பாடத்துக்கே தக்கவைக்கப் பரிந்துரைக்கிறோம்.’ விசிலுக்குப் பாலக் கட்டுமானத்துக்கான தனிப் பாராட்டு. கமாண்டன்ட் தாம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, மேடத்தின் விண்ணப்பத்தில் அன்றே கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்கு மேலே, என் தட்டச்சில், இரண்டு வரிகள்: ‘விடுவிக்க இயலாது. இப்பொறுப்பை இவர் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டவர். காண்க: கூட்டக் குறிப்பு, பத்தி நான்கு.’

இன்று வியாழக்கிழமை. தலைமையகத்துக்குத் தபால் பை பன்னிரண்டு மணிக்குக் கட்டப்படும். பதினொன்றரைக்குக் கேப்டன் மேடம் என் அறைக்கு வந்து, எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் மேல்முறையீட்டு மனு, அதன் மேல் விதிப் புத்தகம். புத்தகத்தில் ஒரு பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். கூட்டக் குறிப்பில் தவறு இருந்தால், முப்பது நாட்களுக்குள், எழுதியவரே சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்திடலாம். வேறு யாருக்கும் அந்த அதிகாரம் கிடையாது, கமாண்டன்டுக்கும்கூட.

“இன்னிக்கு முப்பதாவது நாள்” என்றார்.

“தெரியும் மேடம்.”

“தலைமையகத்துல மனுவைப் படிக்க மாட்டாங்க. பத்தி நாலைத்தான் பார்ப்பாங்க.”

“அதுவும் தெரியும்.”

நான் கூட்டக் குறிப்புக் கோப்பை எடுத்து மேசையில் விரித்தேன். பதினாறு வருடக் கோப்பு, ஒரு பக்கத்தில்கூடத் திருத்தம் இல்லை. அப்பழுக்கற்ற தாள்கள். வெளியே மைதானத்தில் விசில் ஊதினார். முப்பது ஜோடிக் கால்கள் ஒரே நேரத்தில் நின்றன. ஒன்று, இரண்டு என்று எண்ணும் சத்தம் கேட்டது. அவர்கள் யாரைப் பார்த்து எண்ணுகிறார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

எல்லோரும் என்னை ‘ரைட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேப்டன் மேடமும் இன்றுவரை அப்படித்தான். அவர் தன் சட்டைப் பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, பத்தி நான்கின் மேல் வைத்தார்.

“அண்ணா, அன்னிக்கு நீங்க எனக்குப் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தீங்க. நான் வேண்டாம்னு சொன்னது உங்களுக்கு நல்லாக் கேட்டுச்சு. அந்த ஒரு வார்த்தையை மட்டும் இதுல எழுதித் தாங்களேன்.”